வாசலுக்கே வருகிறது நாய்க் குளியல் வண்டி!

ஒரு காலத்தில் தெருவுக்குள் பலர் வருவார்கள். "ஈயம் பூசறது!" என்று ஒருவர் கூவுவார். "சாணை பிடிக்கிறது!" என்று இன்னொருவர் வருவார். அம்மி கொத்துகிறவர், குடை ரிப்பேர் செய்கிறவர் எல்லோரும் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போவார்கள்.

இப்பொழுது அந்த வரிசையில் ஒரு புது வண்டி சேர்ந்திருக்கிறது. சென்னை போன்ற பெரிய நகரங்களில் இதைப் பார்க்கலாம். இந்த வண்டிக்காரர் கூவுவதில்லை. டெலிபோனில் சொன்னால் குறித்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார்.

வண்டி யாருக்காக? வீட்டில் உள்ள மனிதர்களுக்காக அல்ல. நாய்க்காக!

நாயைக் குளிப்பாட்டுவது, சிக்கு எடுப்பது, முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, காது துடைப்பது, எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே நடக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நாய் பளபளவென்று இறங்கி வருகிறது.

நல்ல சௌகரியம்தான். ஆனால் நாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. சில விஷயங்கள் நாயின் அழகைப் பற்றியவை. சில விஷயங்கள் அதன் உயிரைப் பற்றியவை.

பாரீஸ் நகரில்

நாய்க்கு முடி வெட்டும் தொழில் நேற்று முளைத்தது அல்ல. பிரான்ஸ் நாட்டின் பாரீஸ் நகரில் 18-ம் நூற்றாண்டிலேயே நாய் நாவிதர்கள் இருந்தார்கள். செய்ன் நதிக் கரையிலும் பாலங்களின் அருகிலும் கத்தரியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றுத் தண்ணீரில் நாயைக் கழுவி, அங்கேயே முடி வெட்டி அனுப்புவார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த நாய், பூடில். சுருட்டை முடி கொண்ட நாய். உடம்பில் ஒரு பக்கம் மழித்து, மூட்டுகளில் மட்டும் பந்து போல முடி விட்டிருப்பார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆரம்பத்தில் அதற்கு ஒரு காரணம் உண்டு என்கிறார்கள். பூடில், தண்ணீரில் நீந்திப் போய், சுட்ட பறவையை எடுத்து வருகிற வேட்டை நாய். முடி அதிகம் இருந்தால் நீந்த முடியாது. முழுவதும் வெட்டினால் குளிர் மூட்டுகளைத் தாக்கும். ஆகவே மூட்டில் மட்டும் முடி.

அந்தக் காரணம் மறைந்து விட்டது. அலங்காரம் மட்டும் நின்றுவிட்டது. இன்று வேனுக்குள் நடக்கும் சில வேலைகளும் அப்படித்தான். நாய்க்குத் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. பார்க்க அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

வேனின் கதவைத் திறந்தால் ஒரு குட்டிக் குளியலறை தெரியும். இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜை. நல்ல தண்ணீருக்கு ஒரு டாங்கி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டாங்கி. முடி வெட்டும் மெஷின், கத்தரி, சீப்பு வகைகள். ஈர முடியை உலர்த்த, பலமாகக் காற்றடிக்கும் டிரையர். மேலே ஏ.சி.

இதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும். சில வண்டிகளில் ஜெனரேட்டர் இருக்கும். சில வண்டிகளில் பாட்டரி இருக்கும். சிலர் வீட்டிலிருந்தே ஒயர் போட்டு மின்சாரம் எடுத்துக்கொள்வார்கள். இந்த மின்சார விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது முக்கியமாக வரும்.

வண்டியால் யாருக்கு லாபம்? வயதான நாய்க்கு லாபம். இடுப்பு வலியோடு படி ஏறி இறங்கிக் கடைக்குப் போக வேண்டாம். பயந்த நாய்க்கு லாபம். கடையில் பத்து நாய்கள் குரைக்கும். வண்டியில் ஒரே நாய்தான். கார் இல்லாத குடும்பத்துக்கும் லாபம். நாயைக் கண்டால் ஆட்டோக்காரர் பலர் நிறுத்தாமலே போய்விடுகிறார்களே!

நஷ்டம் எங்கே? கடை என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். வேனுக்குள் இருப்பது ஒரு ஆள், ஒரு நாய். கதவு மூடியிருக்கும். உள்ளே என்ன நடந்தாலும் அந்த ஆளுக்குத்தான் தெரியும். நாய் வந்து சொல்லப் போவதில்லை.

ஆகவே முதல் விதி இதுதான். வீட்டில் யாராவது ஒருவர் கூடவே நிற்க வேண்டும். உள்ளே இடம் இல்லாவிட்டால் கண்ணாடி வழியாகவாவது பார்க்க வேண்டும். "நீங்கள் பார்த்தால் நாய் சேட்டை செய்யும். போய்விடுங்கள்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. எஜமானைக் கண்டால் குதிக்கிற நாய்கள் இருக்கின்றன. அப்படியானால் நாயின் கண்ணில் படாமல் நின்று பார்க்கலாம். பார்க்கவே கூடாது என்று சொல்கிற வண்டியை அனுப்பிவிடுவது நல்லது.

வெப்பம்தான் முதல் எதிரி

மனிதனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். வேர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு இரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளுகிறது.

மனிதனின் சாதாரண உடம்புச் சூடு 98.4 டிகிரி. நாய்க்கு அது 101 முதல் 102.5 டிகிரி வரை. 105 டிகிரியைத் தாண்டினால் அபாயம். அதற்கு மேலே போகப் போக மூளை, குடல், சிறுநீரகம் எல்லாம் கெட ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

இப்பொழுது சித்திரை மாத நண்பகலை நினைத்துப் பாருங்கள். வெளியே 95 டிகிரி வெயில். அந்த வெயிலில் மூடி நிறுத்திய ஒரு காருக்குள் அரை மணி நேரத்தில் 120 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நாய் வண்டியும் ஒரு தகரப் பெட்டிதான். ஏ.சி. ஓடுகிற வரையில் கவலை இல்லை. ஏ.சி. நின்றால்? உள்ளே ஈரம் வேறு இருக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்தால் நாய் எவ்வளவு மூச்சு இரைத்தாலும் சூடு இறங்காது. அதோடு டிரையரின் வெந்நிறக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் மின்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது. வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு காசு?" என்பது அல்ல. "ஏ.சி. பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். "உடனே நாயை இறக்கி வீட்டுக்குள் விட்டுவிடுவோம்" என்று பதில் வந்தால் சரி. "அப்படியெல்லாம் நிற்காதுங்க" என்றால் அது பதில் அல்ல.

கூண்டுக்குள் நாயை அடைத்து, வெளியிலிருந்து சூடான காற்றை உள்ளே விடுகிற டிரையர்களும் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கூண்டு டிரையரில் நாய்கள் வெந்து இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஆள் ஒரு நிமிஷம் வேறு வேலைக்குப் போனார். அது பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவ்வளவுதான் தவறு. கையில் பிடித்து உலர்த்தும் டிரையர் மேல். சூடு இல்லாத காற்று அதைவிட மேல். வீட்டுத் துண்டு இவை எல்லாவற்றையும் விட மேல்.

சப்பை மூக்கு நாய்கள் வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பக், புல்டாக், பாக்ஸர், ஷீ ட்ஸு போன்ற ஜாதிகள் இதில் சேரும். இவற்றின் மூச்சு வழி குறுகலானது. சாதாரண நேரத்திலேயே கொர் கொர் என்று மூச்சு விடும். வெயில் காலத்தில் இவற்றுக்கு விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகுதான் நேரம் குறிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வாய்ப்பூட்டு. கடிக்கிற நாய்க்கு வாய்ப்பூட்டு போடுவதில் குற்றம் இல்லை. ஆனால் துணியால் ஆன பூட்டு வாயை இறுக்கி மூடிவிடும். நாக்கை நீட்ட முடியாது. மூச்சு இரைக்க முடியாது. சூடு வெளியேற வழியே இல்லை. இந்தப் பூட்டோடு டிரையர் அடித்தால் நாய் மயங்கி விழுந்துவிடும். கூடை போன்ற வாய்ப்பூட்டில் நாய் வாயைத் திறக்கலாம், மூச்சு இரைக்கலாம். தேவையானால் அதைத்தான் போட வேண்டும்.

நாய்க்கு வெப்பம் தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? மூச்சு இரைப்பு நிற்கவே நிற்காது. எச்சில் கெட்டியாக ஒழுகும். ஈறு செக்கச் சிவந்துபோகும். நடந்தால் தள்ளாடும். சில நாய்கள் வாந்தி எடுக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

உடனே நாயை நிழலுக்குத் தூக்கிவந்து உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். விசிறி போட வேண்டும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அதை ஊற்றக் கூடாது. குடத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் நல்லது. ஈரத் துண்டைப் போர்த்தி விடக் கூடாது. அந்தத் துண்டே சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். நாய் தானாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. முதலில் குளிர வைத்து, பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். நாய் எழுந்து நடமாட ஆரம்பித்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே பட்ட கேடு மறுநாள்கூடத் தெரியலாம்.

மொட்டை வேண்டாம்!

"தம்பி, வெயில் தாங்க முடியல. முழுசா மொட்டை போட்டுடுப்பா."

"சரிங்கக்கா."

கோடை வந்தால் நாய் வண்டி வாசல்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்பவருக்கு நாயின் மேல் பிரியம். செய்பவருக்கு வாடிக்கையாளர் சொல்லைத் தட்டக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து நாய்க்குக் கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி ஆகிய நாய்களுக்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலே முரட்டு முடி. கீழே பஞ்சு போன்ற முடி. இந்த இரண்டும் சேர்ந்து கூரை போல வேலை செய்கின்றன. ஓலைக் கூரை வீட்டுக்குள் வெயில் இறங்குவதில்லை. கூரையைப் பிய்த்து எறிந்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடுமா?

மொட்டை அடித்த நாயின் தோலில் வெயில் நேராக விழுகிறது. தோல் வெந்துபோகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. மழித்த பிறகு அடி முடி சீக்கிரம் வளரும். மேல் முடி மெதுவாகத்தான் வளரும். சில நாய்களுக்கு அது பழையபடி வளராமலே போய், திட்டுத் திட்டாக நிற்கும். பொமரேனியன் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

இந்த நாய்களுக்கு வேண்டியது கத்தரி அல்ல, சீப்பு. உதிர வேண்டிய அடி முடியைச் சீவி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும். அதுவே போதும்.

பூடில், ஷீ ட்ஸு போன்றவற்றின் கதை வேறு. இவற்றின் முடி மனிதனின் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு முடி வெட்டத்தான் வேண்டும். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெட்டினால் சரியாக இருக்கும்.

டாக்டர் மழிக்கச் சொன்னால் அது தனி விஷயம். தோல் நோய்க்கு மருந்து போட வேண்டியிருக்கலாம். சிக்கு முற்றியிருந்தாலும் மழித்துத்தான் ஆக வேண்டும். சிக்கு என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அது தோலோடு ஒட்டி ஜமுக்காளம் போல ஆகிவிடும். அடியில் காற்று இல்லை. ஈரம் தங்கும். தோல் புண்ணாகும். அந்தப் புண்ணில் ஈ முட்டை வைத்துப் புழுவும் வைத்துவிடும். அப்படிப்பட்ட சிக்கைச் சீப்பால் பிடித்து இழுப்பது சித்திரவதை. மழிப்பதுதான் கருணை. மறுபடி வளர்ந்துவிடும்.

சிக்கு உள்ள நாயைச் சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டக் கூடாது. தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். முதலில் சீப்பு, பிறகு குளியல். வண்டிக்காரர் எடுத்த எடுப்பில் நாயைத் தொட்டிக்குள் இறக்கினால், அவருக்கு அவசரம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மனிதர்கள் சோப்பு ஆகாது

நாயின் மேல் தோல் மனிதத் தோலை விட மெல்லியது. அதன் புளிப்புத் தன்மையும் வேறு. மனிதர்கள் போடும் ஷாம்புவும் குழந்தை சோப்பும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி போட்டால் தோல் வறண்டு அரிக்கும். நாய்க்கென்று உள்ள ஷாம்பு வேண்டும். புட்டியை வாங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய கேனிலிருந்து பெயர் தெரியாத எதையோ ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வீட்டில் உள்ள நாய் ஷாம்புவைக் கொடுத்துப் போடச் சொல்லலாம்.

"மூலிகை", "இயற்கை" என்று எழுதியிருந்தால் நம்பிவிடக் கூடாது. டீ ட்ரீ எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கலக்காமல் தடவினால் நாய்க்கு விஷம். தடுமாறும், நடுங்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிப்பாட்ட வேண்டும்? பெரும்பாலான நாய்களுக்கு மாதம் ஒரு முறை போதும். சேற்றில் புரண்டு வந்தால் அப்போது கழுவிக்கொள்ளலாம். வாரம் தவறாமல் வண்டியை அழைப்பது வண்டிக்காரருக்குத்தான் நல்லது.

ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு

காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. வண்டி மாறுவதில்லை. தொட்டியும் மாறுவதில்லை. சீப்பும் மாறுவதில்லை.

உண்ணி பெரிய சனியன். இரத்தம் குடித்துப் பருத்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் வெடிப்பில், மர இடுக்கில் அது ஒளிந்துகொள்ளும். வேனின் மூலையும் அதற்கு ஒரு வீடுதான். உண்ணி கடித்தால் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வரும். சாப்பிடாது, சோர்ந்து படுக்கும், இரத்தம் குறைந்து ஈறு வெளுத்துப்போகும். சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. தாமதித்தால் நாய் பிழைப்பது கஷ்டம்.

குட்டிகளுக்குப் பயம் பார்வோ. இது இரத்தமாகப் பேதி போகிற நோய். இந்தக் கிருமி தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு மசியாது. பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவினால்தான் சாகும். ஆகவே தடுப்பூசி எல்லாம் போட்டு முடியாத குட்டியை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது. கடைசி ஊசி போட நாலு மாதம் ஆகும். அதுவரையில் வீட்டுத் துண்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

ஒரு வீட்டு வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவினார்களா, சீப்பை மருந்தில் போட்டார்களா என்று கேட்க வேண்டும். ஏறிப் பார்த்தாலே தெரியும். முந்தின நாயின் முடி மேஜையில் கிடந்தால் கேள்வியே தேவையில்லை.

நாய் வளர்ப்பவரின் தடுப்பூசிச் சீட்டை வாங்கிப் பார்க்கிற வண்டிக்காரர் நல்லவர். சிலர் அதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள். "எங்க நாயைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்கிறார்கள். உங்கள் நாயிடம் சீட்டுக் கேட்கிறவர்தான், உங்களுக்கு முன்னால் வந்த நாயிடமும் கேட்டிருப்பார்.

நகமும் காதும்

நாய் நகத்துக்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நுனி நுனியாக வெட்ட வேண்டும். ஆழமாக வெட்டினால் இரத்தம் கொட்டும். வண்டியில் இரத்தம் நிறுத்துகிற பொடி இருக்க வேண்டும். வீட்டில் நடந்தால் சோள மாவை வைத்துச் சில நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

நாயின் காது வழி நேராகப் போவதில்லை; கீழே இறங்கித் திரும்புகிறது. உள்ளே தண்ணீர் போனால் வெளியே வராது. குளிக்கும்போது காதில் பஞ்சு வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும். குச்சி விட்டுக் குடைவது கூடாது. காதில் நாற்றமும் சீழும் இருந்தால் அது டாக்டர் வேலை.

மேஜையின் மேல் ஒரு கம்பம் இருக்கும். அதிலிருந்து ஒரு சுருக்குக் கயிறு தொங்கும். நாய் குதிக்காமல் இருக்க அதைக் கழுத்தில் மாட்டுவார்கள். நாயை அப்படிக் கட்டிவிட்டு ஆள் ஒரு கணமும் நகரக் கூடாது. நாய் வழுக்கி விழுந்தால் அந்தக் கயிறே தூக்குக் கயிறாகிவிடும்.

மயக்க மருந்து கொடுத்து முடி வெட்டலாமா? வண்டிக்காரர் கொடுக்கவே கூடாது. அது கால்நடை டாக்டர் மட்டும் செய்ய வேண்டிய காரியம். நாயின் எடை, வயது, இதயம் எல்லாம் பார்த்துத்தான் அவரே கொடுப்பார். "ஒரு மாத்திரை போட்டால் சும்மா படுத்திருக்கும்" என்று யாராவது சொன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

நாட்டு நாய்க்கு என்ன?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. இவை தமிழ்நாட்டு நாய்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அரசு தபால் தலையே வெளியிட்டது. இந்த நாய்களின் முடி குட்டையானது, உடம்போடு படிந்திருக்கும். சிக்கு விழாது. வெயிலும் பழக்கம். இவற்றுக்கு முடி வெட்ட வேனை அழைப்பது, வழுக்கைத் தலைக்குச் சீப்பு வாங்குவது போல!

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிற நாட்டு நாய்க்கும் இதேதான். ஈரத் துணியால் துடைத்து, ரப்பர் பிரஷால் தேய்த்துவிட்டால் பளபளக்கும். நகம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, தோலும் மெல்லியது. மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடவெடவென்று நடுங்கும். வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டலாம்.

ஹஸ்கி, ஷீ ட்ஸு என்று வாங்கியவர்களுக்குத்தான் இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. குட்டியின் விலையைக் கேட்டு வாங்குகிறவர்கள், அதன் முடிக்கு மாதா மாதம் ஆகப்போகிற செலவைக் கேட்பதில்லை.

கட்டணம் நாயின் உருவத்தையும் முடியையும் பொறுத்தது. வேலை ஆரம்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பேசிக்கொள்வது நல்லது. "சிக்கு இருந்தது, அதற்குத் தனி, உண்ணி இருந்தது, அதற்குத் தனி" என்று பின்னால் சண்டை வருவதைப் பல வாசல்களில் பார்க்கலாம்.

கடித்துவிட்டால்

எவ்வளவு சாதுவான நாயும் வலித்தால் கடிக்கும். வண்டிக்காரரையும் கடிக்கலாம், பிடித்துக்கொண்டு நிற்கிற வீட்டுப் பிள்ளையையும் கடிக்கலாம். குழந்தைகளை நாயைப் பிடிக்கச் சொல்லக் கூடாது.

கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். வரும் முன்பு ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885-ல் பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் இந்த ஊசி போட்டார். அதன் பிறகு 1907-ல் நமது குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசமாகவே போடுகிறார்கள். வெட்கப்பட்டோ, "நம்ம வீட்டு நாய்தானே" என்று நினைத்தோ சும்மா இருந்துவிடக் கூடாது.

நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போட்டுவர வேண்டும். சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும். அதற்கும் இந்த ஊசிச் சீட்டுத் தேவை.

வண்டி போன பிறகு

வண்டி வருவதற்கு முன்னால் வீட்டுக்காரர் தாமே நாயை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட வேண்டும். கட்டி, புண், மரு, உண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும். முடிக்குள் மறைந்திருக்கிற மருவை மெஷின் வெட்டிவிடுவது சகஜம். வலிப்பு, இதய நோய், காது மந்தம், எதுவாக இருந்தாலும் மறைக்கக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட நாயை ஏற்றக் கூடாது. அரை மணி நேரம் நடக்க விட்டு, சிறுநீர் கழித்த பிறகு அனுப்புவது உத்தமம்.

நாய் இறங்கியதும் வாலை ஆட்டுகிறதே என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. வண்டிக்காரர் நிற்கும்போதே பார்க்க வேண்டும். விரல்களின் இடுக்கில் ஈரம் இருக்கிறதா? மழைக் காலத்தில் அங்கேதான் படை பிடிக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்திருக்கிறதா? மெஷின் சூடேறிச் சுட்டிருக்கலாம். கண் கலங்கியிருக்கிறதா? ஷாம்பு பட்டிருக்கலாம். காதில் வைத்த பஞ்சு இரண்டும் வெளியே வந்துவிட்டதா?

ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அன்று இரவு நாய் காதைச் சொறிந்துகொண்டே இருந்தாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தாலோ, மறுநாள் காலையில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.